ஒன்றரை நிலா உயரத்தில் ஒரு கோபுரம்

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் எனக்குப் பழக்கமான நெசவாளர் குடும்பம் இருக்கிறது. அண்மையில் போயிருந்தபோது, கல்லூரியில் படிக்கும் மகன் என்னை மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு போனான். கையில் ஒரு பைனாகுலர். பர்மா பஜாரில் பழையதாக வாங்கியது. கப்பலில் வேலை பார்ப்பவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்கிற தடித்த வகை. ஒரு கண்ணில் பார்த்தால் வெறும் ஊர் தெரிகிறது. இன்னொரு கண்ணில் ஊரின்மேல் செங்குத்தாக ஒரு கோடு, அதில் ஏணிப்படி போலச் சின்னச் சின்னக் குறுக்குக் கோடுகள், பக்கத்தில் 10, 20, 30 என்று எண்கள்.

“மாமா, இது தூரம் காட்டும். ஸ்நைப்பர் ஸ்கோப்புல இருக்கிற அதே கோடு” என்றான்.

வடமேற்கே, தண்ணீர்த் தொட்டிகளுக்கும் தென்னைகளுக்கும் மேலே ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் நின்றது. 1509-இல் கிருஷ்ணதேவராயர் கட்டியது. உயரம் 192 அடி, மீட்டரில் ஏறத்தாழ 58.5. கோபுரத்தை அந்தக் கோட்டின்மேல் நிறுத்தி, கலசத்திலிருந்து கீழே கண்ணுக்குத் தெரிகிற இடம்வரை அவன் படித்துச் சொன்ன எண் 9. இணையத்தில் பார்த்து வைத்திருந்த கணக்கைக் கைபேசியில் போட்டான். ஆறரை கிலோமீட்டர் என்று வந்தது. அதே கைபேசியின் வரைபடத்திலோ, அந்த மாடியிலிருந்து கோபுரத்துக்கு நேர்கோட்டில் நாலு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல்.

“கோட்டையே தப்பாப் போட்டு வித்திருக்கான்” என்று முடிவு கட்டிவிட்டான்.

கோடு தப்பில்லை. அவன் போட்ட கணக்கிலும் தப்பில்லை. ஆனாலும் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிட்டது. அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதற்குமுன், அந்தக் கோடுகள் எதை அளக்கின்றன, எதை அளக்கவில்லை என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இந்த விஷயத்தில் குழப்பம் அவனுக்கு மட்டும் இல்லை. நம் சினிமாவில் வில்லனின் அடியாள் ஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் சிவப்பு எழுத்தில் தூரம் ஓடும். பப்ஜி என்ற கைபேசி விளையாட்டு 2020 செப்டம்பரில் இங்கே தடையாகி, 2021 ஜூலையில் வேறு பெயரில் திரும்பி வந்தது. அதை விளையாடிய பிள்ளைகளில் பலர் “எட்டு எக்ஸ் ஸ்கோப்” என்றாலே தூரத்தைத் தானாகக் கண்டுபிடித்துச் சொல்லும் கருவி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுத்து ஓட வேண்டுமென்றால் லேசர் வேண்டும். ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்பிவர ஆன நேரத்தை அளக்கிற கருவி அது. ஒரு கிலோமீட்டர் போய்வர ஒளிக்கு ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஏழு பங்குகூட ஆகாது. கண்ணாடியில் பொறித்த கோட்டுக்கு அந்த வித்தை தெரியாது. அதற்குத் தூரம் என்றால் என்ன என்றே தெரியாது.

அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: கோணம்.

கையை முன்னால் நீட்டிக் கட்டைவிரலைக் கிடையாகப் பிடியுங்கள். கண்ணிலிருந்து விரல் சுமார் 60 சென்டிமீட்டர். விரலின் அகலம் சுமார் 2 சென்டிமீட்டர். அதாவது தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு. அந்த விரல் கோபுரத்தைக் கலசம் முதல் வாசற்படிவரை சரியாக மறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கோபுரமும் தன் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு உயரம். 58.5-ஐ முப்பதால் பெருக்கினால் 1,755 மீட்டர். அவ்வளவுதான் மொத்த சூத்திரமும். ஸ்கோப்பில் இருப்பது இதே கட்டைவிரல்தான். நகம் வெட்டி, மெலிய வைத்து, எண் போட்டுக் கண்ணாடிக்குள் உட்கார வைத்திருக்கிறார்கள்.

முப்பதில் ஒன்று என்று சொல்வதற்குப் பதிலாக ஆயிரத்தில் எத்தனை என்று சொன்னால் கணக்கு எளிது. அந்த ஆயிரத்தில் ஒன்றுக்குப் பெயர் மில்லிரேடியன், பேச்சில் மில். (அரிசி மில்லோடு உறவு கிடையாது, மைலோடும் கிடையாது.) 1,000 மீட்டருக்கு அப்பால் 1 மீட்டர் உயரமுள்ள பொருள் 1 மில். 500 மீட்டரில் அதே பொருள் 2 மில். 100 மீட்டரில் 10 மில். ஆகவே பொருளின் உயரத்தை மீட்டரில் எழுதி, ஆயிரத்தால் பெருக்கி, கோட்டில் படித்த மில்லால் வகுத்தால் தூரம் மீட்டரில் வந்துவிடும். நம் பையன் செய்ததும் இதுதான்: 58,500-ஐ 9-ஆல் வகுத்தான், 6,500.

பௌர்ணமி நிலா இந்தக் கோட்டில் ஏறத்தாழ 9 மில் வரும். உதிக்கும்போது பெரிதாகவும் உச்சிக்கு வந்ததும் சிறிதாகவும் தெரிகிறதே என்பது கண்ணின் மயக்கம். கோட்டில் வைத்துப் பார்த்தால் இரண்டு நேரமும் ஒன்றுதான். நாலு கிலோமீட்டரில் நம் கோபுரம் முழுசாகத் தெரிந்தால் 14 மில் இருக்க வேண்டும். அதாவது வரதராஜர் சந்நிதித் தெருப் பக்கமிருந்து பார்க்கிறவருக்கு ஏகாம்பரநாதர் கோபுரம் ஒன்றரை நிலா உயரம். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று கையெடுக்கிறவர்களில் யாரும் அதை நிலாக் கணக்கில் அளந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இதற்குள் மகனைத் தேடி அப்பா மேலே வந்துவிட்டார். பைனாகுலரை வாங்கிப் பார்த்தவர், “நாங்க வச்சிருக்கிற லென்ஸ் மாதிரிதானே இது?” என்றார். பட்டுத்துணியின் நெருக்கத்தைப் பார்க்கிற சிறிய மடக்கு லென்ஸ் அது. அடியில் ஓர் அங்குலத்துக்கு ஓர் அங்குலம் என்று வெட்டிய சதுரத் திறப்பு. துணிமேல் வைத்து, அந்தத் திறப்புக்குள் பாவு எத்தனை இழை, ஊடை எத்தனை இழை என்று எண்ணுவார்கள். அவர் சொன்னது சரியான ஒப்பு; சொல்லப்போனால் அவர் மகன் பார்த்த காணொளிகளைவிடத் தெளிவான ஒப்பு. ஒரு பொருளின் அளவு, அது இருக்கும் தூரம், அது கண்ணில் பிடிக்கும் கோணம் என்று விஷயங்கள் மூன்று. இரண்டு தெரிந்தால் மூன்றாவது கிடைக்கும். ஒன்று மட்டும் தெரிந்தால் ஒன்றும் கிடைக்காது. மடக்கு லென்ஸ் துணிமேலேயே உட்காருவதால் தூரம் எப்போதும் ஒன்று. அதனால் திறப்புக்குள் தெரிவது நேரே அளவாகிவிடுகிறது. ஸ்கோப்பில் தூரம் தெரியாது. அங்கே அளவை நாம் கொண்டுபோக வேண்டும்.

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்கோப்பின் கோடு தூரத்தைக் கண்டுபிடிப்பதில்லை. எதிரே இருப்பது எத்தனை பெரியது என்று நமக்கு முன்பே தெரிந்திருக்கிற சங்கதியைத் தூரமாக மாற்றித் தருகிறது. தெரிந்தது தப்பென்றால் தூரமும் அதே விகிதத்தில் தப்பு.

கண்ணாடிக்குள் கோடு வந்த கதை நூல்காரர்களுக்குப் பிடிக்கும். 1640-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் வில்லியம் கேஸ்காய்ன் என்ற இளைஞர் தொலைநோக்கி ஒன்றை வைத்து வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்குள் ஒரு சிலந்தி இழை ஓட்டிவிட்டுப் போயிருந்தது. தற்செயலாக அந்த இழை, வெளியே உள்ள பொருளின் பிம்பம் குழாய்க்குள் எந்த இடத்தில் விழுகிறதோ அதே இடத்தில் விழுந்திருந்தது. அதனால் பொருளும் கூர்மையாகத் தெரிந்தது, இழையும் கூர்மையாகத் தெரிந்தது. கேஸ்காய்ன் அதைப் பிடித்துக்கொண்டார். நகர்த்தி அளக்கும் அமைப்பையும் செய்தார். 1644-இல் மார்ஸ்டன் மூர் போரில் இறந்துபோனார். அவருடைய கருவியை ராபர்ட் ஹூக் போன்றவர்கள் பின்னால் வெளியே கொண்டுவந்தார்கள்.

அதன்பிறகு நீண்ட காலம் நில அளவைக் கருவிகளிலும் வானியல் கருவிகளிலும் உண்மையான சிலந்தி இழையே குறிக்கோடாக இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போதும் அமெரிக்காவில் கறுப்பு விதவை என்னும் சிலந்தியின் இழையை எடுத்துக் குறிபார்க்கும் கருவிகளில் கட்டியிருக்கிறார்கள். பட்டுப்பூச்சியின் இழை ஏன் ஆகவில்லை என்று பையனின் அப்பா கேட்டார். கூட்டிலிருந்து வருகிற ஒற்றை இழைகூடச் சிலந்தி இழைக்குப் பக்கத்தில் வைத்தால் தடிமன்தான். அவர் தறியில் ஓடுவதோ அப்படிப் பல இழைகளைச் சேர்த்து முறுக்கியது. கண்ணருகே உருப்பெருக்கியில் பார்த்தால் தேர்வடம்! இப்போது சிலந்திக்கும் வேலையில்லை. மெல்லிய கண்ணாடித் தகட்டில் கோடுகளைப் பொறித்து அதே இடத்தில் பொருத்திவிடுகிறார்கள்.

அந்த ‘அதே இடம்’ முக்கியம். பிம்பமும் கோடும் ஒரே தளத்தில் இல்லாவிட்டால், தலையைக் கொஞ்சம் அசைத்தாலே கோடு கோபுரத்தின்மேல் வழுக்கும். கலசத்தில் இருந்த கோடு மேலும் கீழும் நீந்தும். அந்த நிலையில் படிக்கிற எண்ணுக்கு மதிப்பில்லை. முதலில் கோடு கூர்மையாகத் தெரியும்வரை கண்வில்லையைத் திருப்பி, பிறகு பொருளைக் கூர்மையாக்கி, தலையை மெல்ல ஆட்டிப் பார்த்து, கோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று உறுதி செய்தபின்தான் படிக்க வேண்டும்.

இந்த வித்தையைத் துப்பாக்கிக்காரர்களைவிட நிதானமாகவும் நேர்மையாகவும் பயன்படுத்துகிறவர்கள் நில அளவைக்காரர்கள். பாலம், சாலை, ஏரிக்கரை என்று எங்காவது முக்காலியின்மேல் லெவல் கருவியை வைத்து ஒருவர் குனிந்து பார்க்க, தூரத்தில் இன்னொருவர் அடையாளம் போட்ட நீளக்கட்டையைச் செங்குத்தாகப் பிடித்து நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தக் கருவிக்குள் கிடைக்கோடுகள் மூன்று. நடுக்கோடு மட்டம் பார்க்க. மேலே ஒன்று, கீழே ஒன்றாக இருக்கும் குட்டைக் கோடுகள் இரண்டும் தூரம் பார்க்க. மேல்கோடு கட்டையில் 1.860 மீட்டரிலும் கீழ்க்கோடு 1.420 மீட்டரிலும் படுகிறது என்றால் இடைவெளி 0.44. அதை நூறால் பெருக்கு. தூரம் 44 மீட்டர். சிவில் டிப்ளமோ படித்த யாரைக் கேட்டாலும் அந்த நூறைத் தூக்கத்தில் சொல்வார்கள். நூறில் ஒன்று என்றால் ஆயிரத்தில் பத்து. அதாவது அந்த இரண்டு குட்டைக் கோடுகளின் இடைவெளி சரியாக 10 மில். ஸ்நைப்பர் ஸ்கோப்பும் பொதுப்பணித் துறையின் லெவல் கருவியும் கூடப் பிறந்தவை என்பது இந்த ஒரு எண்ணில் தெரிந்துவிடும்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். அளவைக்காரர் அளவைக் கட்டையைக் கையோடு அனுப்பிவைக்கிறார். எதிரே இருப்பது எத்தனை பெரியது என்று அவர் ஊகிக்கத் தேவையில்லை. சென்டிமீட்டர் சென்டிமீட்டராகப் பெயின்ட் அடித்து எழுதியிருக்கிறது. ஊகத்தை ஒழித்ததால்தான் அவருடைய 44 மீட்டரை நம்பிக் கான்கிரீட் கொட்ட முடிகிறது.

வில்லியம் லாம்ப்டன் செய்தது இதற்கு நேரெதிர். 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டைத் தரையில் எஃகுச் சங்கிலி போட்டு அளந்தார். அந்தக் கோட்டின் இரண்டு முனைகளில் இருந்தும் தூரத்து இலக்கு ஒன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால் முக்கோணம் கிடைக்கும். இலக்கின் அருகே போகாமலேயே தூரம் வரும். இந்தியா முழுவதையும் அளந்த பெரும் திரிகோணமிதி அளவை அங்கிருந்துதான் தொடங்கியது. அவருக்குத் தெரிந்த நீளம் தன் காலடியில் இருந்தது. ஸ்கோப்புக்காரருக்குத் தெரிய வேண்டிய நீளம் எதிர்முனையில் இருக்கிறது. ஒரே முக்கோணம்தான், எந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு அளக்கிறோம் என்பதில் வேறுபாடு. சமவெளியில் லாம்ப்டனுக்குக் குன்றுகள் கிடைக்காதபோது கோயில் உயரங்களே மேடையாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கோணம் அளக்கிற, அரை டன் எடையுள்ள அவருடைய தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தட்டி நிமிர்த்திச் சரிசெய்தார். கோபுரத்தைத் தூரத்திலிருந்து பார்த்து அளப்பது எத்தனையோ மேல்.

கட்டையை அனுப்ப முடியாத இடங்களில் என்ன செய்வது? வேடந்தாங்கல் நல்ல உதாரணம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும்வரை அது காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. வேடன் தங்கிய ஊர் என்று பெயர். ஆனால் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊர்க்காரர்களே முறையிட்டு, 1798-இல் ஆட்சியர் லயோனல் பிளேஸிடம் ஏரியைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கிவிட்டார்கள். பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம். அந்தக் கணக்கு அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இன்று 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அங்கே கோடு போட்ட கண்ணாடி வழியாகப் பறவையைப் பார்க்கிறவர் பறவை ஆர்வலர்தான்.

ஏரிக்கு நடுவில் நீர்க்கடம்பு மரத்தில் ஒரு மஞ்சள்மூக்கு நாரை. நின்றால் சுமார் ஒரு மீட்டர் உயரம் என்று பறவை நூல்கள் சொல்லும். உங்கள் கோட்டில் 5 மில் படிக்கிறது. 1,000 வகுத்தல் 5, 200 மீட்டர். நன்றாக இருக்கிறது. இப்போது நாரை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு குந்துகிறது. கோட்டில் 3 மில். மரத்தைவிட்டு அது நகரவே இல்லை. உங்கள் கணக்கில் மட்டும் 130 மீட்டர் பின்னால் பறந்து போய்விட்டது. குஞ்சு என்றால் கேட்கவே வேண்டாம். உயிருள்ள எதையும் வைத்துத் தூரம் அளப்பதில் உள்ள சிக்கல் இதுதான்: அது குனியும், திரும்பும், உட்காரும், பாதி மறையும்.

அளவு சரியாகத் தெரிந்தாலும் படிப்பதில் வரும் பிழை ஒன்று உண்டு. அது தூரம் கூடக் கூடப் பூதமாக வளரும். கை நடுங்கியோ கண் ஏமாந்தோ 0.1 மில் தவறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் பொருள் 100 மீட்டரில் 10 மில், அதை 9.9 என்று படித்தால் தூரம் 101. ஒரு மீட்டர்தான் பிழை; யாரும் கவலைப்பட வேண்டாம். அதே பொருள் 500 மீட்டரில் 2 மில், 1.9 என்று படித்தால் 526. பிழை 26 மீட்டர். 1,000 மீட்டரில் 1 மில், 0.9 என்று படித்தால் 1,111. அதே அளவு நடுக்கம், பிழையோ நூறு மீட்டருக்கு மேல். தூரம் பத்து மடங்கானால் பிழை நூறு மடங்குக்குமேல் போய்விடுகிறது. ஆகவே இந்த முறை கிட்டத்தில் நல்ல வேலைக்காரன், எட்டத்தில் வாய்ச்சொல் வீரன். சிறிய பொருளைவிடப் பெரிய பொருளை வைத்து அளப்பது மேல். நாரையைவிட மரம், மரத்தைவிடக் கோபுரம்.

ஸ்கோப்பில் மட்டும் உள்ள இன்னொரு பொறி, பெருக்கத்தை மாற்றும் வளையம். சில ஸ்கோப்புகளில் பிம்பத்தைப் பெரிதாக்கினால் கோடுகளும் கூடவே பெரிதாகும். எந்தப் பெருக்கத்திலும் 1 மில் 1 மில்லாகவே இருக்கும். வேறு சிலவற்றில் பிம்பம் மட்டும் வளரும், கோடு அப்படியே நிற்கும். அந்த வகையில் ஒரே ஒரு பெருக்கத்தில்தான் கோடு உண்மை சொல்லும். 10 மடங்கில் சரியாக இருக்கும் கோட்டை 5 மடங்கில் வைத்துப் படித்தால், 14 மில் கோபுரம் 7 என்று காட்டும். நாலு கிலோமீட்டர் எட்டாகி, ஏகாம்பரநாதர் ஊருக்கு வெளியே போய்விடுவார். வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது எத்தனை எக்ஸ் என்பதை அல்ல, இந்த இரண்டில் எது என்பதைத்தான். நம் பையனிடம் இருந்தது பெருக்கம் மாறாத கருவி. அவன் பிழை இங்கே இல்லை.

அலகுக் குழப்பத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சுத்தக் கணக்கில் ஒரு வட்டத்துக்கு 6,283 மில். நேட்டோ ராணுவங்கள் வகுக்க வசதியாக 6,400 என்று வைத்துக்கொண்டன. சோவியத் வழியில் 6,000. மலையில் பீரங்கி வைப்பவருக்கு அந்த வேறுபாடு முக்கியம். மாடியில் கோபுரம் பார்க்கிறவருக்கு இல்லை. அமெரிக்க ஸ்கோப்புகள் பலவற்றில் பாகையின் அறுபதில் ஒரு பங்கை அலகாக வைத்திருப்பார்கள். ஒரு மில்லுக்கு அது 3.44 வரும். இரண்டையும் கலந்து படிக்காமல் இருந்தால் போதும்.

அளவை ஊகிப்பது ராணுவத்தில் எப்படி நடக்கிறது என்பதற்கு நம் ராணுவமும் வைத்திருக்கும் டிராகுனோவ் துப்பாக்கியின் ஸ்கோப் நல்ல சாட்சி. சோவியத் வடிவமைப்பு, நாலு மடங்குப் பெருக்கம், மாறாது. கண்ணாடியின் ஓரத்தில் ஒரு தட்டைக் கோடு. அதன்மேல் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்கிற வளைகோடு. வளைவில் 2, 4, 6, 8, 10. எதிரே நிற்கும் ஆளின் காலைத் தட்டைக் கோட்டில் வைத்து, தலை வளைகோட்டைத் தொடும் இடத்துக்கு நகர்த்தினால், அங்கே உள்ள எண்ணை நூறால் பெருக்கியது தூரம். வகுத்தல் கிடையாது, கைபேசி கிடையாது. கணக்கு எங்கே போயிற்று? வரைந்தவர் ஓர் ஆளின் உயரம் 1.7 மீட்டர் என்று முடிவு செய்து அதை வளைவுக்குள் புதைத்துவிட்டார். அளவை நாம் கொண்டுபோக வேண்டிய அவசியம் மறையவில்லை. வேறொருவர் நமக்காகக் கொண்டுபோயிருக்கிறார், அவ்வளவுதான். எதிரே இருப்பவர் ஐந்தடி உயரம் என்றாலோ, முழங்கால்வரை வரப்பு மறைத்தாலோ, வளைகோடு கூச்சமில்லாமல் தப்பான எண்ணைக் காட்டும்.

விளையாட்டுத் துப்பாக்கியில் இந்தத் தொல்லையே கிடையாது. கடலூரில் பிறந்து ஒலிம்பிக்வரை போன இளவேனில் வாலறிவன் சுடுகிற 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் தூரம் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். மில் கணக்கில் 0.05. உருப்பெருக்கும் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. துளை வழியே பார்க்கும் குறிதான். அங்கே அளவும் தெரியும், தூரமும் தெரியும். மிச்சம் இருப்பது மூச்சும் விரலும்.

இனி மாடிக்குத் திரும்பலாம். கருவி சரி, பெருக்கம் சரி, வகுத்தல் சரி. கோபுரத்தின் 192 அடியும் சரி. அப்படியானால் தப்பு எதில்?

“தம்பி, கோபுரத்தோட வாசல் உனக்குத் தெரிஞ்சுதா?” என்று கேட்டேன்.

மறுபடி பார்த்தான். தெரியவில்லை. கோபுரத்தின் அடிப்பாகம் இருக்க வேண்டிய இடத்தில் அடுத்த தெருவில் ஒரு வீட்டின் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் ஒரு வேப்பமரத்தின் உச்சியும் இருந்தன. அவன் 9 மில் என்று படித்தது தொட்டிக்கு மேலே தெரிந்த கோபுரத்தை. சூத்திரத்தில் போட்டதோ முழுக் கோபுரத்தின் உயரத்தை. நாரை குந்தினால் என்ன, கோபுரம் தொட்டிக்குப் பின்னால் குந்தினால் என்ன.

கணக்கைத் திருப்பிப் போட்டோம். வரைபடம் தூரத்தைச் சொல்லிவிட்டது. 4,140 மீட்டர் என்று வைத்துக்கொண்டோம். 9 மில் என்றால் கண்ணுக்குத் தெரிந்த பகுதி 37 மீட்டர். மிச்சம் 21 மீட்டர், கிட்டத்தட்ட ஏழு மாடிக் கட்டட உயரம், அந்தத் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பையன் நம்பவில்லை. “அந்தத் தொட்டியே நம்ம தலை உசரத்துக்குத்தான் மாமா இருக்கு. அது எப்படி இருபத்தோரு மீட்டரை மறைக்கும்?” நியாயமான கேள்வி. ஆனால் தொட்டி நூறு மீட்டரில் இருக்கிறது, கோபுரம் நாலாயிரத்தில். நம் கண் தரையிலிருந்து ஏழு மீட்டர் மேலே. கண்ணிலிருந்து கோபுரத்தின் 21 மீட்டர் உயரத்துக்கு இழுத்த கோடு, நூறு மீட்டர் போவதற்குள் ஒரு சாணும் நாலு விரலும்தான் மேலே ஏறியிருக்கும். தொட்டி நம் கண்ணைவிட அவ்வளவு உயரமாக இருந்தாலே போதும்.

அப்பா இதைக் கேட்டுவிட்டுக் கையால் சாணும் நாலு விரலும் காற்றில் அளந்து பார்த்தார். மாடிப்படிக் கூண்டின்மேல் ஏறப் பக்கத்தில் ஒரு இரும்பு ஏணி இருந்தது. பையன் பைனாகுலரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஏறினான். தலையை ஆட்டிப் பார்த்தான். கோடு ஒட்டி நின்றதாம். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“பத்துக்கும் பதினஞ்சுக்கும் நடுவுல மாமா. பதினஞ்சுக்குக் கிட்ட. பதிமூணரை வச்சுக்கலாமா?”

4,333 மீட்டர். கோபுரத்தின் கால் இன்னும் கொஞ்சம் எதற்கோ பின்னால் இருக்கிறது என்று அவனே சொல்லிக்கொண்டு, எது மறைக்கிறது என்று தேட ஆரம்பித்தான்.